மாட்டுப் பட்டியலில் அப்பா

எங்கள் ஊரை வீடியோ கேமுக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்று முதலில் வாய் திறந்த புத்திசாலி நான்தான். வேறு யார் தலையிலாவது அந்தப் பழியைக் கட்ட முடிந்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் நானே படங்களைத் தயாரித்து, நானே எழுந்து நின்று பேசி, கைதட்டலையும் நானே வாங்கிக்கொண்டேன்.

சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. கேமில் வரும் சுவர், கதவு, விளக்குக் கம்பம், சாக்கடை மூடி எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ய வேண்டும் இல்லையா? அந்த யாரோ ஒருவர்தான் நான். ஆறு வருடம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக வெளிநாட்டுத் தெருக்களைச் செய்தேன். நான் கண்ணால் பார்த்தே இராத ஊர்களின் குப்பைத்தொட்டியில் எந்த மூலையில் முதலில் துரு பிடிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு எங்கள் ஆபீசே சொந்தமாக ஒரு கேம் செய்யப்போகிறது என்றார்கள். ஓப்பன் வேர்ல்டு வகை. ஒரு முழு ஊரையே கட்டி, ஆடுகிறவனை அதற்குள் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்த வீட்டிலும் நுழையலாம், எதிரில் வருகிறவனைக் காரணமே இல்லாமல் அடிக்கலாம். ஊருக்குக் கற்பனைப் பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உருவம் நிஜ ஊரில் இருந்து வர வேண்டும் என்று எங்கள் லீட் சொன்னார். லீட் என்றால் எங்கள் குழுவுக்குத் தலைவர். மதுரை வேண்டாம், சினிமாவில் பார்த்துச் சலித்துவிட்டது என்றார்கள். தஞ்சாவூர் தட்டையாக இருக்கிறதாம். நான் கையைத் தூக்கினேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு, அதன் கடைசியில் தெரியும் கோபுரம், வீட்டுக்கு வீடு தறி, பட்டுக்கடை வாசலில் கைகாட்டிக் கூப்பிடும் ஆட்கள் என்று அரைமணி நேரம் பேசினேன். ஆறு வருடத்தில் அந்த ஆபீஸ் என்னைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா பட்டு நெய்கிறவர்.

"நம்ம தெருவயா? நம்ம தெருவ எதுக்கும்மா கேம்ல போடறாங்க?"

"தறி எல்லாம் வருதுப்பா. உன்னைக்கூட வச்சாலும் வைப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சும்மா ஒரு குஷியில்தான் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் அப்பா அதைப் பால்காரரில் ஆரம்பித்து டீக்கடை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே, "என்னிக்கும்மா காட்டப்போற?" என்றுதான் கேட்பார். அவர் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதே இல்லை. கேட்டது இது ஒன்றுதான்.

எங்கள் குழு ஊரைப் பார்க்க வந்தது. என்னைத் தவிர ஆறு பேர், ஒரு வேன், பெட்டி பெட்டியாகக் கேமராக்கள். எங்கள் தெருவில் எதிர் வீட்டுக்காரர்கள் போன வருடம்தான் கட்டி முடித்து, முகப்பில் நீல டைல்ஸ் ஒட்டி, ஸ்டீல் கேட் போட்டிருந்தார்கள். ஜோராக இருக்கும். லீட் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் வேணாம், இது காஞ்சிபுரம் மாதிரியே இல்ல" என்றார். அவர் காஞ்சிபுரத்துக்குள் கால் வைத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அவருக்குப் பிடித்தது வேறு. காரை பெயர்ந்த சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். சாக்கடை ஓரம் குந்தி உட்கார்ந்து, அந்தக் கறுப்புத் தண்ணீரை எத்தனை கோணம் உண்டோ அத்தனை கோணத்திலும் படம் எடுக்க வைத்தார். மாநகராட்சிக்காரர்கள் அடைப்பைத் தள்ளிச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பியிருந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள், படம் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்களை நிறுத்தி வைத்தார். "செம டெக்ஸ்ச்சர்" என்றார். எங்கள் சாக்கடையைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறும் மனிதரை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். அடுத்த தெருவில் இதைவிட நல்ல சாக்கடை இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதும் நான்தான்.

அப்புறம் எங்கள் வீடு. நுழைந்ததும் கூடத்திலேயே தறி. அப்பா சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் உட்காரும் பலகையின் ஓரத்தில் அம்மா, எப்போதும் போல.

சட்டை வேண்டாம் என்றார் லீட். அப்பா கழற்றிவிட்டுப் பனியனோடு இருந்தார். பனியனும் வேண்டாம், தோல் தெரிய வேண்டும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

"பனியன் இருக்கட்டுமேம்மா. நான் பனியன் போட்டுக்கினுதான நெய்வேன்?"

"ஒண்ணும் இல்லப்பா, கழட்டிடு. அஞ்சு நிமிஷம்தான்."

கழற்றினார். சட்டையின் மடிப்புக் கலையாமல் கட்டில் மேல் வைத்துவிட்டு, வெற்றுடம்போடு உட்கார்ந்தார். அவர் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டிகளைப் பட்டை போட்டுக் கட்டினார்கள். உடம்பு எப்படி அசைகிறதோ அதை அப்படியே பதிவு செய்யும் கருவி அது. சுற்றிலும் கேமரா. கேமரா பிடித்தவர், "அந்த அம்மா ஃப்ரேம்ல வர்றாங்க" என்றார்.

"எம்மா, நீ எழுந்துரு. எல்லாருக்கும் டீ போடு" என்றேன்.

அம்மா கையில் இருந்த நாடாவை, குறுக்கு இழை ஓட்டும் அந்தக் கட்டையை, தறிச் சேலை மேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அப்பா நெய்யத் தொடங்கினார். நாடாவை ஓட்டினார், இழையை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தார், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார், நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதப்பா. சும்மா ஓட்டிக்கினே இரு, நெஜமா நெய்ய வேணாம்."

சரி என்று ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு ஓட்டுக்கும் தலை ஒருமுறை வலப்பக்கம் போய்த்தான் வந்தது. கேமரா பிடித்தவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அம்மா எங்கள் ஏழு பேருக்கும் டீ கொண்டுவந்தாள். லீட் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வாயில் வைக்காமலே ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போனார். தெருச் சாக்கடை இனித்தது, எங்கள் வீட்டு டீ கசந்தது.

ஆபீசில் ஊர் எழுந்தது. இடத்தைச் சுருக்கியதில் தென்னேரி ஏரி நகர்ந்து வந்து கோபுரத்துக்குப் பின்னாலேயே நின்றது. என் அத்தையைக் கட்டிக்கொடுத்த முசரவாக்கம், ஆயுதம் வைத்திருக்கும் கொள்ளைக்காரர்கள் பதுங்கும் காடாகிவிட்டது. அத்தை வீட்டில் இருக்கும் அதிகபட்ச ஆயுதம் அரிவாள்மணை. எங்கள் தெருவைச் செய்யும் வேலை எனக்கே வந்தது. நான் செய்து காட்டினால், "இன்னும் அழுக்கு வேணும்" என்பார் லீட். எதிர் வீட்டு நீல டைல்ஸை நானே உரித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் வெற்றிலை எச்சிலை நானே துப்பினேன், மவுசால். வாசலில் தினமும் அம்மா கூட்டித் தெளிக்கும் இடத்தில் குப்பையைக் கொட்டினேன். சூப்பர் என்றார்கள். அந்த வருடம் ஆபீசில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

அப்பாவின் உருவமும் தயாரானது. அசல் அப்பா. தோளில் இருக்கும் தழும்புகூட விடுபடவில்லை. நாடாவை ஓட்டுவார், அடிப்பார், வலப்பக்கம் பார்ப்பார், மறுபடி ஓட்டுவார். கதை எழுதுகிறவருக்கு அந்தப் பார்வையைக் கண்டதும் கண்ணீரே வந்துவிட்டது. ஊரின் கடைசி நெசவாளி இவர், தன்னை விட்டுப் போன மகன் வருவானா என்று வாசலைப் பார்க்கிறார் என்று எழுதினார். வசனமும் வைத்தார்: "எனக்குப் பின் இந்தத் தறி பேசாது." சீ! எங்கள் தெருவில் தறிச் சத்தத்தில் போன் பேசுவதற்கே மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். கடைசி நெசவாளியாம். அப்பாவுக்கு மகனும் கிடையாது. அவர் தறியில் உட்கார்ந்து பேசுவதெல்லாம் கிரிக்கெட்டும் கரண்ட் கட்டும்தான். இதையெல்லாம் நான் சொன்னேனா? சொல்லவில்லை. "நல்லா இருக்குது" என்றேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் பெரிய திரைக்கு முன்னால் கூப்பிட்டார்கள். முதல்முறையாக ஊருக்குள் ஆடிப் பார்க்கப்போகிறார்கள். சோதனைப் பிரிவில் இருந்த ஒருவர் ஆடினார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்தார். எங்கள் வீட்டுக் கதவை எட்டி உதைத்துத் திறந்தார். அப்பா நெய்துகொண்டிருந்தார். இவர் நேராகப் போய் அப்பாவின் முகத்தில் ஒரு குத்து விட்டார்.

அப்பா தறிக்குழிக்குள் சரிந்தார். கால் இரண்டும் மேலே நின்றன. யாரோ விசில் அடித்தார்கள். அப்பா எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து, நாடாவை ஓட்டி வலப்பக்கம் பார்த்தார். மறுபடி குத்து. மறுபடி குழி. விழுவது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருந்ததால் அவர்களுக்கு அலுக்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, அப்பாவை ஐயா என்று கூப்பிட்டு, அம்மா கையால் டீ வாங்கிய அந்த ஆறு பேரும் அதில் இருந்தார்கள். லீட் என் பக்கம் திரும்பி, "உனக்கு ஓகேதானே? கேம்தான்" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாத்ரூமில் போய் முகம் கழுவும்போது அப்பாவின் குரல்தான் காதில் நின்றது. என்னிக்கும்மா காட்டப்போற? இதையா காட்டுவது?

மறுநாள் லீட்டிடம் போனேன். அப்பாவை அடிக்க முடியாத மாதிரி செய்ய வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் அப்படி ஒரு பட்டியலே இருப்பது எனக்குத் தெரிந்தது. அடிக்கக் கூடாதவர்கள் பட்டியல். வக்கீலைக் கேட்டுத் தயாரித்ததாம். பசு மாடு, யானை, பூசாரி, குழந்தைகள். இவர்கள் மேல் கை வைத்தால் பிரச்சினை கிளம்பும், கேமைத் தடை செய்யச் சொல்வார்கள். பூக்காரி, ஆட்டோக்காரர், நெசவாளி, இட்லிக் கடைக்காரர் எல்லாரும் அதற்கு வெளியே.

"நெசவாளியையும் சேர்த்துக்கலாமே" என்றேன்.

"நெசவாளியை அடிச்சா யாரு கேஸ் போடுவாங்க?" என்றார். மோசமான மனிதர் இல்லை அவர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. "ஒருத்தருக்கு விலக்கு கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும். அப்புறம் அது ஓப்பன் வேர்ல்டே இல்ல. ஆடறவங்களுக்குச் சுதந்திரம் வேணும்ல?"

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. கேமில் ஒவ்வொரு உருவமும் எந்த வகை என்று ஒரு கட்டத்துக்குள் குறித்திருப்பார்கள். அப்பாவின் உருவத்தைத் திறந்து அந்தக் கட்டத்துக்குப் போனேன். 'தெரு மனிதர்' என்று இருந்தது. பூசாரி என்று மாற்றினால் மணியை ஆட்ட ஆரம்பித்துவிடுவார். குழந்தை என்றால் ஓடுவார். யானை என்றால் கூடத்தை அடைத்துக்கொள்வார். மாடு இருந்த இடத்தை விட்டு அசையாது; மாடு என்று மாற்றினேன். ஆடிப் பார்த்தேன். கை ஓங்கினால் குத்து அப்பாவின் மேல் படாமலே நின்றது. அப்பா நிம்மதியாக நெய்துகொண்டிருந்தார்.

பெற்ற அப்பாவை அடியிலிருந்து காப்பாற்ற அவரை மாடு என்று பதிவு செய்த ஒரே மகள் நானாகத்தான் இருப்பேன். அதில் ஒரே ஒரு தொல்லை. மாட்டின் பக்கத்தில் போனால் 'பழம் கொடு' என்று ஒரு வாசகம் மின்னும். பட்டனை அழுத்தினால் மாட்டுக்கு வாழைப்பழம். அது வேறு ஒருவர் செய்த வேலை. எடுக்கச் சொன்னால் நான் செய்த திருட்டு வேலை வெளியே வந்துவிடும். அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். தறிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பை வைத்தேன். அப்பா அன்றைக்கும் சலவைச் சட்டை போட்டிருந்தார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பலகை ஓரத்தில், அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

தெரு வந்தது. அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"நம்ம தெருவா இது? ஏம்மா இவ்ளோ அசிங்கமா போட்டுக்கிறாங்க? எதிர் வீட்டு டைல்ஸ் எங்க? நம்ம செவுத்துல யாரு எச்சி துப்புனது?"

"கேமுக்காகப்பா."

"யாரு வரைஞ்சான் இத?"

"ஆபீஸ்ல" என்றேன்.

கதவைத் திறந்து கூடத்துக்குள் போனேன். திரையில் அப்பா. ஸ்டூலுக்கு முன்னால் அப்பா. அவர் குனிந்து மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போய்விட்டார். "நான்தான்மா! தழும்புகூட இருக்குது பாரு!" என்று அம்மாவைத் தட்டினார். அதற்குள் தலைக்கு மேல் 'பழம் கொடு' என்று மின்ன ஆரம்பித்தது.

"எனக்கு எதுக்கும்மா பழம்?"

"மரியாதைக்குப்பா. வீட்டுக்கு வர்றவங்க உனக்குப் பழம் குடுத்துட்டுப் போவாங்க."

"பரவால்லியே!"

பட்டனை அழுத்தினேன். ஒரு வாழைப்பழம் வந்து அப்பாவின் மேல் பட்டு மறைந்தது. அவர் கையைத் தட்டிச் சிரித்தார். இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை கொடுத்தேன். அவரை யாரும் அடிக்கவில்லை, அவர் எதையும் பார்க்கவில்லை. தப்பித்துவிட்டேன் என்று மூச்சு விட்டேன்.

அம்மா கேட்டாள். "ஏன் அவரு அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்குறாரு?"

அப்பா திரையில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நீ கரை நாடா போடறதுக்குத்தான். நீ போட்டாத்தான நான் அடுத்தது போட முடியும்?"

அம்மா முன்னால் குனிந்து, திரையின் வலது ஓரத்தை உற்றுப் பார்த்தாள். பலகை காலியாக இருந்தது.

"அப்ப நான் எங்கடி?"

எங்கள் வீட்டுத் தறியில் சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் பிரியாமல் இருக்க ஒவ்வொரு இழையிலும் கோர்த்துக்கொண்டே வர வேண்டும். கோர்வை என்பது அதுதான். ஒற்றை ஆளால் அது நடக்காது. வலது கரைக்கு நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அந்த ஓரத்தில் அம்மாதான். அவள் தள்ளாமல் இந்த வீட்டில் ஒரு விரல் அகலம்கூட நெய்தது கிடையாது. இதைத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் நெசவு என்றும், அம்மாவின் தொழில் வீட்டு வேலை என்றும் என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதினோம். லீட் டீயைக் குடிக்கவில்லை என்று இத்தனை நாள் மனதுக்குள் அவரை வறுத்துக்கொண்டிருந்தேனே, அவருக்கு அந்தப் பலகையில் யார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தெரிந்தும் எழுப்பிவிட்டவள் நான். அவர்கள் எல்லாரையும்விட என்னைக் கண்டுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"கேமராவுக்கு மறைக்குதுன்னு சொன்னாங்கம்மா" என்றேன்.

"ஆமா. நீதான எழுந்துருன்ன" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திரையில் அப்பா நாடாவை ஓட்டினார், அடித்தார், வலப்பக்கம் பார்த்தார். ஓட்டினார், அடித்தார், வலப்பக்கம் பார்த்தார். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்டியே பாத்துக்கினே இருப்பாரா?"

"ஆமாம்மா."

அவள் எழுந்து டீ போட உள்ளே போனாள். இந்தத் தடவை நான் சொல்லவில்லை.